பாட்டாவின் தலைக்குள் கடல் வரைபடம் இருக்கிறதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மனசையும் மூளையையும் பற்றியவை. முதல் கேள்விக்கான பதில் நீண்டுவிட்டது. அது நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: என் பாட்டா நாற்பது வருஷம் வள்ளத்தில் போனவர். ஜிபிஎஸ் இல்லாமலே கடலுக்கடியில் பாரு (பாறைத்திட்டு) இருக்கிற இடத்துக்குச் சரியாகப் போய்விடுவார். எப்படி என்று கேட்டால், "எல்லாம் தலைக்குள்ள இருக்கு மக்களே" என்பார். கல்லூரியில் இதை 'மென்டல் ரெப்ரசென்டேஷன்' என்று நடத்துகிறார்கள். மூளையைத் திறந்து பார்த்தால் அங்கே வரைபடம் ஒன்றும் கிடையாதே, அப்புறம் தலைக்குள் 'இருப்பது' என்ன?
(ஒரு மாணவி, கடியபட்டணம்)

பதில்: மக்களே, உன் பாட்டா சொன்னதும் சரி, உன் சந்தேகமும் சரி. ரெப்ரசென்டேஷன் என்ற சொல்லை இப்போதைக்கு 'பதிலி' என்று வைத்துக்கொள்வோம். ஒன்று இல்லாத இடத்தில் அதற்குப் பதிலாக நிற்பது பதிலி. பாரு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே உன் பாட்டா அந்தப் பாருக்குப் போகும் வழியைப் பேச முடிகிறது, கச்சான் காற்று அடித்தால் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும், நீவாடு (கடல் நீரோட்டம்) மாறினால் எங்கே வலை போடலாம் என்றெல்லாம் முன்கூட்டியே யோசிக்க முடிகிறது. பாரு முன்னால் இல்லாதபோது அதைப் பற்றி யோசிக்க உதவுகிற ஏதோ ஒன்று அவருக்குள் இருந்தாக வேண்டும். அது படமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கணியம் பார்ப்பதை, அதாவது கரையில் தெரிகிற அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிப்பதை, நானே ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முட்டத்திலிருந்து விடியற்காலையில் போன வள்ளத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வெளிச்சம் வந்ததும் பெரியவர் வடக்கே கரையைப் பார்த்தபடி நின்றார். கரையோரத்துக் கோயில் கோபுரம் ஒன்று, அதற்குப் பின்னால் தூரத்தில் மலையில் ஒரு பிளவு. வள்ளம் கிழக்கே போகப் போக, பக்கத்தில் இருக்கிற கோபுரம் தூரத்து மலைக்கு முன்னால் மேற்கே நகர்வதுபோல் தெரியும். கோபுரம் சரியாகப் பிளவுக்கு நேராக வந்ததும் "ஒண்ணு ஆச்சு" என்றார். இனி அந்தக் கோட்டை விடாமல் தெற்கே போக வேண்டும். இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கமும் அதன் பின்னால் ஒரு குன்றின் முனையும் எப்போது நேர்கோட்டில் வருகின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் "நிறுத்து" என்றார். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கினார்கள். டக்கென்று பாறையில் தட்டியது கயிற்றைப் பிடித்திருந்த என் கைக்கே தெரிந்தது. பென்சில், பேப்பர் எதுவும் இல்லாமல் இரண்டு கோடுகளை வெட்டவைத்து ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார் அந்த மனிதர்! கணியம், கணக்கு, கணினி மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒன்று பதிலியா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அது தப்பாகப் போக முடியுமா என்று பார்த்தால் போதும். ரோட்டோரம் கிடக்கிற கல் ஒருநாளும் தப்பாகாது. அதே கல்லில் 'நாகர்கோவில் 12 கி.மீ.' என்று எழுதி நட்டுவிட்டால் அது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். கரையில் புதிதாக மாடிக்கட்டடம் எழும்பி அதன் உச்சியைக் கோபுரம் என்று நினைத்துவிட்டால் பாட்டாவின் வள்ளம் பாருக்குப் போகாது, வெறும் மணல் இருக்கிற இடத்துக்குத்தான் போகும். அவருக்குள் இருப்பது 'தப்பாகிவிட்டது' என்று நாம் சொல்ல முடிகிறது பார், அதனால்தான் அது பதிலி. வயிறு ஜீரணிக்கத் தவறலாம், ஆனால் வயிறு எதையும் 'தப்பாக நினைக்காது'.

இதையெல்லாம் ஒருகாலத்தில் பேசவே விடவில்லை. 1913இல் உளவியலாளர் வாட்சன் தொடங்கி வைத்த நடத்தையியல், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காதே, வெளியே தெரிகிற தூண்டலையும் செயலையும் மட்டும் பார் என்றது. டோல்மன் என்ற இன்னொரு உளவியலாளர் எலிகளை வைத்து அதைக் கேள்வி கேட்டார். 1930இல் அவரும் ஹான்சிக்கும் செய்த சோதனையில் ஒரு கூட்டம் எலிகளுக்குப் பத்து நாள் வரை சிக்கல்பாதையின் முடிவில் உணவே கிடையாது, அவை சும்மா சுற்றித் திரிந்தன. பதினோராம் நாள் உணவு வைத்தார்கள். அடுத்த நாளே, முதல் நாளிலிருந்து உணவு பெற்றுவந்த எலிகளுக்கு இணையாக ஓடின! பரிசு இல்லாதபோதும் வழி உள்ளே பதிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. 1948இல் டோல்மன் இதற்கு 'அறிதல் வரைபடம்' என்றே பெயர் வைத்தார். 1971இல் நரம்பியல் ஆய்வாளர் ஓகீஃப், எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், எலி குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கும்போது மட்டும் துடிக்கிற செல்களைக் கண்டார். 2005இல் மோசர் தம்பதியரின் ஆய்வுக்கூடம் பக்கத்துப் பகுதியில் அறுகோண ஒழுங்கில் இடத்தை அளக்கிற செல்களைக் கண்டது. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. ஆக, மூளையைத் திறந்தால் தாளில் வரைந்த படம் இருக்காது, ஆனால் எந்தச் செல் எப்போது துடிக்கிறது என்ற ஒழுங்கில் இடம் பதிவாகியிருக்கும்.

ஒரே வேலைக்கு ஒரே வகைப் பதிலிதான் வேண்டும் என்பதும் இல்லை. பசிபிக்கில் கரோலின் தீவுகளின் மாலுமிகள் தாங்கள் அசையாமல் நிற்பதாகவும், தீவுகள்தான் தங்களைக் கடந்து போவதாகவும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஹட்சின்ஸ் என்ற மானிடவியலாளர் இதைப் பற்றி அருமையாக எழுதியிருக்கிறார். நமக்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அவர்கள் தீவு போய்ச் சேர்ந்தார்கள். உன் பாட்டாவிடம் உட்கார்ந்து கேட்டுப் பார், அவர் மேலிருந்து கடலைப் பார்ப்பதுபோல் நினைக்கிறாரா, வள்ளத்தில் நின்று கரையைப் பார்ப்பதுபோலவா என்று.

கேள்வி: மனிதனைப் போய்க் கம்ப்யூட்டரோடு ஒப்பிடுகிறார்களே, இது மனிதனைக் கேவலப்படுத்துவது ஆகாதா?
(ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: சார், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடந்த வரலாறு நேர் எதிர். 1936இல் கணிதவியலாளர் டியூரிங், கணக்கிடும் இயந்திரத்தைப் பற்றிய தன் கட்டுரையை எழுதியபோது 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கணக்குப் போடுகிற ஆள் என்றுதான் பொருள். ஒரு குமாஸ்தா கட்டம் போட்ட தாளில் கணக்குப் போடும்போது உண்மையில் என்ன செய்கிறார் என்று அவர் யோசித்தார். ஒரு நேரத்தில் சில எழுத்துகளை மட்டும் பார்க்கிறார், இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஒன்றை அழிக்கிறார் அல்லது எழுதுகிறார், அடுத்த கட்டத்துக்கு நகர்கிறார். எழுந்து சாப்பிடப் போனால்கூட 'இதுவரை ஆயிற்று, இனி இப்படிச் செய்' என்று ஒரு சீட்டு எழுதி வைத்தால் போதும், யாரும் தொடரலாம். இதில் இயந்திரம் செய்ய முடியாதது எதுவும் இல்லை என்று காட்டினார். முதலில் வந்தவர் கணக்கு எழுதும் மனிதர், அவரைப் பார்த்து எழுந்ததுதான் இயந்திரம்.

அப்புறம், 'மூளை கம்ப்யூட்டர்' என்றால் மண்டைக்குள் கீபோர்டு, ஸ்கிரீன் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. தோவாளைப் பூச்சந்தைக்கு ஒரு காலையில் போய் நில்லுங்கள். பிச்சிப்பூ கிலோ 640 ரூபாய், முக்கால் கிலோ வேண்டும். பூக்காரம்மா அரைக்கு 320, காலுக்கு 160, கூட்டி 480 என்பார். வாங்குகிற பையன் மூன்றால் பெருக்கி நான்கால் வகுப்பான். பக்கத்துக் கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டுவார், அது உள்ளே வெறும் ஒன்றும் சைபருமாகக் கணக்குப் போடும். மூன்றிலும் விடை 480தான். பார்வையை ஆராய்ந்த டேவிட் மார் இதை மூன்று தளமாகப் பிரித்தார்: என்ன கணக்கு, எந்த வழியில், எந்தப் பொருளால் ஆன கருவியில். அவர் உதாரணம் கடைக் கல்லாப்பெட்டி இயந்திரம். 1980இல் 35 வயதில் இறந்துபோனார், பார்வையைப் பற்றிய அவருடைய நூல் 1982இல்தான் வெளிவந்தது. மூளை செய்வது கணக்கிடுதல் என்று சொல்கிறவர்கள் முதல் இரண்டு தளத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மூன்றாவது தளத்தில் நமக்கு நரம்பு, அதற்குச் சிலிக்கான்.

குறிகளை மாற்றி அமைப்பதுதான் சிந்தனையா என்று கேட்டால், தமிழைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 'நாய் பூனையைத் துரத்தியது.' 'நாயைப் பூனை துரத்தியது.' சொற்கள் அதே வரிசையில் நிற்கின்றன, 'ஐ' மட்டும் இடம் மாறியது, ஓடுகிற விலங்கு மாறிவிட்டது! முதல் வாக்கியம் புரிந்த குழந்தைக்கு இரண்டாவது புரியாமல் போகவே போகாது. தத்துவவாதி ஃபோடர் 1975இல் சிந்தனைக்கே ஒரு மொழி உண்டு என்று வாதிட்டார். 1988இல் பிலிஷினோடு சேர்ந்து எழுதியபோது இந்தக் குணத்தைத்தான் பெரிய ஆதாரமாக வைத்தார். எண்ணங்களுக்கும் உறுப்புகள் உண்டு, அவற்றைக் கழற்றி வேறு மாதிரிப் பூட்டலாம் என்பது அவர்கள் வாதம். முழுக்க ஒத்துக்கொள்ள எனக்கும் தயக்கம் உண்டு, ஆனால் அந்த 'ஐ' என்னை விடுவதில்லை.

கேள்வி: கண்ணை மூடினால் தெரிகிற காட்சி உண்மையில் படம்தானா?
(ஒரு வாசகர், தக்கலை)

பதில்: உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல்? எண்ணிச் சொல்லுங்கள். பலரும் மனசுக்குள் அறை அறையாக நடந்துதான் எண்ணுவார்கள். 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் கனசதுரங்களால் ஆன இரண்டு உருவங்களைக் காட்டி இரண்டும் ஒன்றா என்று கேட்டார்கள். ஒன்று எவ்வளவு கோணம் திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப விடை சொல்லும் நேரமும் ஒரே சீராகக் கூடியது. மனசுக்குள் திருப்பிப் பார்த்ததுபோல! காஸ்லின் ஒரு கற்பனைத் தீவின் வரைபடத்தை மனப்பாடம் செய்யச் சொல்லி, மனசுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகச் சொல்லிச் சோதித்தபோதும், தூரம் கூடக் கூட நேரமும் கூடியது. படம்தான் என்றார் அவர். பிலிஷின் மறுத்தார். தூரம் கூடினால் நேரமாகும் என்று நமக்கு முன்பே தெரியும், அதைத்தான் நடித்துக் காட்டுகிறோம் என்றார்.

இன்னொன்றும் உண்டு. மனக்காட்சியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 2015இல் ஆடம் ஸீமன் இதற்கு 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தார். அவர்களில் பலர் ஜன்னலை எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள், கேட்டால் 'பார்க்கவில்லை, தெரியும்' என்கிறார்கள். அதனால் பார்ப்பதுபோன்ற அனுபவம் வேறு, விடையைத் தருகிற பதிலி வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: அர்த்தம் தெரியாமலே சரியாகப் பதில் சொல்கிற இயந்திரத்துக்கு மனசு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?
(ஒரு வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: அம்மா, 1980இல் சேர்ல் என்ற தத்துவவாதி கேட்டதும் இதைத்தான். சீனமொழி தெரியாத ஒருவர் அறைக்குள் இருக்கிறார். கையில் விதிப்புத்தகம் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற சீன எழுத்துகளுக்கு விதிப்படி வேறு எழுத்துகளை எடுத்து அனுப்புகிறார். வெளியே இருப்பவர்கள் உள்ளே சீனமொழி தெரிந்தவர் இருப்பதாக நினைப்பார்கள், அவருக்கோ ஒரு சொல்லும் தெரியாது. அந்த ஆளுக்குத் தெரியாவிட்டால் என்ன, ஆளும் புத்தகமும் அறையும் சேர்ந்த மொத்த அமைப்புக்குத் தெரியும் என்று எதிர்ப்பதிலும் உண்டு. அது எனக்குத் திருப்தி தரவில்லை.

உங்கள் பக்கத்தில் மலையாள எழுத்தை வாசிக்கத் தெரிந்து, சொன்னதன் பொருள் பாதி புரியாதவர்கள் உண்டு இல்லையா? ஆனால் அவர்களும் பஸ் போர்டைப் படித்துச் சரியான பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள், தப்பான பஸ்ஸில் ஏறினால் இறங்கி நடக்கிறார்கள். அந்த எழுத்து அவர்களை ஏதோ ஓர் ஊரோடு கட்டுகிறது. கணியம் பார்த்த பெரியவரின் பதிலியும் அப்படித்தான், ஒரு நுனி தலைக்குள், மறு நுனி கோபுரத்திலும் பாறையிலும். ஈயக்குண்டு தட்டாவிட்டால் அவர் தன் கணக்கைத் திருத்துவார். அறைக்குள் இருக்கிற ஆளுக்கு இறக்கிப் பார்க்க ஈயக்குண்டு இல்லை. இன்றைய ஏஐ செயலிகளைப் பற்றியும் இதே இடத்திலிருந்துதான் கேட்கத் தொடங்குவேன்: அது தப்பு என்று அதற்கு எது சொல்லித் தருகிறது? சொற்களா, சொற்களுக்கு வெளியே இருக்கிற உலகமா?

கடியபட்டணத்து மக்களே, உன் பாட்டா சொல்கிற கணியங்களை ஒரு நோட்டில் எழுதி வை. எந்தக் கோபுரம், எந்த மலை, எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம், பாருக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர், எல்லாவற்றையும். அடுத்த கடிதத்தில் இரண்டையாவது எனக்கு அனுப்பு.