சிகிச்சை முடிந்த பிறகு

அன்புள்ள அக்கா,

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. அப்போதெல்லாம் தைரியமாக இருந்தவள் இப்போது அழுகிறாள். விசேஷங்களுக்கு வருவதில்லை. என் முன்னால் உடைகூட மாற்றுவதில்லை. 'அதான் எல்லாம் சரியாகிவிட்டதே' என்றால் கோபப்படுகிறாள். நான் என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 'எல்லாம் சரியாகிவிட்டதே'யை நிறுத்துங்கள். டாமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தால், அது 5 வருடம், சிலருக்கு 10 வருடம்கூடப் போகும். அந்த மாத்திரையால் நடுராத்திரியில் உடம்பு திடீரென்று கொதித்து, துணி நனைந்து எழுந்து உட்கார வேண்டியிருக்கும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் கை எப்போது வீங்குமோ என்ற பயம் வேறு. தூங்கியும் தீராத அசதி மாதக்கணக்கில் இருக்கும்.

சிகிச்சை நடக்கும்போது அழ நேரம் கிடைக்காது. அடுத்த கீமோ, அடுத்த ரத்தப் பரிசோதனை என்று நாள் ஓடிவிடும். அது நின்ற பிறகுதான் பயம் வந்து உட்காரும். முதுகு வலித்தால்கூடத் திரும்ப வந்துவிட்டதோ என்று தோன்றும். செக்கப் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விடும். 'நீ போராளி' என்று ஊரே பாராட்டிய பிறகு யாரிடம் போய் அழுவது?

விசேஷத்தில் பேச வருகிறவர்களின் கண் ஒரு நொடி மார்புக்குப் போய்விட்டு முகத்துக்குத் திரும்பும். அதைத் தாங்குவது லேசில்லை. அப்புறம் 'பரம்பரையா?' என்பார்கள். மார்பகப் புற்றுநோய் வந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் மரபணு வழியாக வருகிறது. இதை நீங்கள் சொல்லுங்கள், அவரைச் சொல்ல விடாதீர்கள்.

உடை மாற்றும் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்களுக்கு அருவருப்பாக இருக்குமோ என்று அவர் ஒதுங்குகிறார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நீங்களும் ஒதுங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒதுங்க ஒதுங்க அவர் சந்தேகம் உறுதியாகிவிடும். தழும்பை இதுவரை பார்த்தீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லை. பார்க்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி, வற்புறுத்தாதீர்கள். கேட்டது அவர் மனதில் இருக்கும்.

அழுகை குறையாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் போனால் டாமாக்சிஃபென் சாப்பிடுவதைச் சொல்லியே ஆகவேண்டும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் அதன் வேலையைக் குறைத்துவிடும். அடுத்த செக்கப்புக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போங்கள்.