லாகரை முதல் முறை கம்ப்யூட்டரில் சொருகும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்கிறேன். தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜுக்காக டாக்டர் ஒரு டெம்பரேச்சர் டேட்டா லாகர் (வெப்பநிலையை அவ்வப்போது தானே பதிந்துவைக்கும் கருவி) வாங்கிக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பெட்டி, அதிலிருந்து நீளும் ஒயரின் முனையில் சென்சார். கம்ப்யூட்டரில் சொருகினால் ஒரு சத்தமும் இல்லை, திரையிலும் எதுவும் வரவில்லை. கூட வந்த சி.டி.யைப் போட எங்கள் கம்ப்யூட்டரில் டிரைவே கிடையாது. விற்றவரைக் கேட்டால் "டிரைவர் போடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்கிறார். என்ன செய்வது? (தேனி வாசகி)

பதில்: திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம் அம்மா. சொருகியதும் விண்டோஸ் சத்தமே போடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லாகரை இல்லை, கேபிளை. நாம் எல்லோரும் மேஜையில் கிடக்கும் போன் சார்ஜர் கேபிளை எடுத்துச் சொருகிவிடுகிறோம். மலிவான சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் கரண்டுக்கான இரண்டு ஒயர்கள் மட்டும்தான் இருக்கும், தகவல் போய்வர வேண்டிய மற்ற இரண்டு ஒயர்கள் உள்ளே இருக்கவே இருக்காது. லாகருக்கு 5 வோல்ட் கிடைப்பதால் அதன் திரைகூட எரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு கருவி வந்ததே தெரியாது. பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். அது தொலைந்திருந்தால், போனில் இருந்து போட்டோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பார்த்த கேபிள் ஏதாவது இருந்தால் அது நிச்சயம் சரிப்படும். சொருகும் இடமும் முக்கியம். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கத்து யு.எஸ்.பி.யில் நேராகச் சொருகுங்கள், நாலைந்து சாதனங்கள் தொங்கும் ஹப்பில் வேண்டாம்.

கேபிள் சரியானதும் இரண்டில் ஒன்று நடக்கும். சில லாகர்கள் பென் டிரைவ் மாதிரி திறந்துகொள்ளும், உள்ளே பி.டி.எஃப். ரிப்போர்ட் தயாராக இருக்கும், இவற்றுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். தடுப்பூசிக்கென்றே செய்யப்படும் 30 நாள் லாகர்களில் இந்த வகை நிறைய. மற்ற வகைக்கு அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும். சி.டி.யை மறந்துவிடுங்கள், லாகரின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்துக்கே போய் இறக்குங்கள். "எல்லா டிரைவரும் இலவசம்" என்று கூவும் தளங்கள் பக்கம் போகவே கூடாது, நோயாளிகள் விவரம் இருக்கும் கிளினிக் கம்ப்யூட்டரில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

டிரைவர் என்பது, சொருகிய கருவியோடு எப்படிப் பேச வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லித்தரும் சின்ன சாஃப்ட்வேர். பெரும்பாலும் அது கம்பெனியின் சாஃப்ட்வேரோடு சேர்ந்தே வந்துவிடும். இதில் வரிசை முக்கியம்: லாகரைக் கழற்றி வைத்துவிட்டு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்து முடித்து, அப்புறம் சொருகுங்கள். பல கம்பெனிகள் கையேட்டிலேயே இதைத்தான் சொல்கின்றன, ஆனால் பெட்டியைப் பிரித்த ஆர்வத்தில் யார் கையேட்டைப் படிக்கிறோம்! அதன் பிறகும் தெரியவில்லை என்றால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, கேபிளைக் கழற்றிக் கழற்றிச் சொருகிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பட்டியலில் ஏதோ ஒரு வரி தோன்றி மறைய வேண்டும். மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி வந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் இல்லை என்று அர்த்தம். "போர்ட்ஸ்" என்ற தலைப்பின் கீழ் சி.எச்.340, சி.பி.210எக்ஸ் என்பது போன்ற யு.எஸ்.பி. சிப்பின் பெயரும் பக்கத்தில் காம்3, காம்5 என்று ஒரு நம்பரும் வந்தால் டிரைவர் வேலை செய்கிறது, சாஃப்ட்வேரில் அந்தக் காம் நம்பரைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய சரக்கில் வரும் பி.எல்.2303 சிப் என்றால் ஒரு சிக்கல் உண்டு. அதன் பழைய வடிவங்களுக்கு விண்டோஸ் 11-இல் வரும் புது டிரைவர் ஆதரவு தருவதில்லை, 2012-லேயே நிறுத்தப்பட்ட சிப் என்ற வாசகத்தை டிவைஸ் மேனேஜரிலேயே காட்டும். அந்த வாசகம் வந்தால் மட்டும் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்.

இணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "ஸ்டார்ட்" என்ற பட்டன் கண்ணில் பட்டதும் அழுத்திவிடாதீர்கள். பெரும்பாலான சின்ன லாகர்களில் புதிதாக ஸ்டார்ட் கொடுத்தாலோ செட்டிங்கை மாற்றினாலோ உள்ளே இருக்கும் பழைய பதிவெல்லாம் அழிந்துவிடும். அதனால் எப்போதுமே முதலில் படித்து, கம்ப்யூட்டரில் சேமித்து, அப்புறம்தான் மற்றது. புது லாகரில் இழக்க ஒன்றும் இல்லைதான், ஆனாலும் இந்தப் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொண்டால் நல்லது, ஏனென்றால் ஒருநாள் ஃபிரிட்ஜ் கெட்டுப்போய், எத்தனை மணி நேரம் கெட்டிருந்தது என்று டாக்டர் கேட்கும்போது அந்தப் பதிவு ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.

அடுத்தது கடிகாரம். கம்ப்யூட்டரின் தேதி, நேரம் சரியா என்று பார்த்துவிட்டு அதோடு லாகரின் நேரத்தைப் பொருத்துங்கள். லாகர் தன் நேரத்தைக் கம்ப்யூட்டரிடமிருந்துதான் வாங்கிக்கொள்ளும், கம்ப்யூட்டர் தப்பு என்றால் லாகரும் தப்பு. பிறகு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பதிய வேண்டும் என்பது. 32,000 பதிவு கொள்ளும் லாகரில் 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 222 நாள் வரும், 1 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 22 நாளில் நிறைந்துவிடும். ஃபிரிட்ஜுக்கு 5 அல்லது 10 நிமிடம் தாராளம். நிறைந்ததும் நின்றுவிடுமா, பழையதின் மேல் எழுதுமா என்ற செட்டிங்கையும் பார்த்துவிடுங்கள்.

எச்சரிக்கை அளவை வைக்கும்போது எல்லோரும் 8 டிகிரியை மட்டும் நினைக்கிறார்கள். தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்றால் அந்த 2-ம் அதே அளவு முக்கியம், சில ஊசிகளுக்கு அதைவிடவும் முக்கியம். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி போன்றவை ஒருமுறை உறைந்தால் வீணாகிவிடும், உருகிய பிறகு பார்த்தால் பழையபடியே இருப்பது போலத் தோன்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் தரநிர்ணயத்தில் வரும் 30 நாள் லாகர்கள் 8 டிகிரிக்கு மேல் 10 மணி நேரம் இருந்தால்தான் அலாரம் காட்டும், மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே என்றால் 60 நிமிடத்திலேயே காட்டிவிடும். எது அதிக அவசரம் என்று இதிலிருந்தே புரியும். உங்கள் லாகரில் கீழ் எல்லையைக் கண்டிப்பாகப் போடுங்கள்.

உடனே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடாமல் மேஜையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நடுவில் சென்சாரைக் கொஞ்ச நேரம் கைக்குள் பொத்திவிட்டு, அப்புறம் படித்துப் பாருங்கள். சூடு ஏறிய இடம் சரியான நேரத்தில் தெரிந்தால் கேபிள், டிரைவர், கடிகாரம், பதிவு எல்லாமே ஒரே நேரத்தில் சோதித்தாயிற்று. சில லாகர்களில் சாஃப்ட்வேரில் ஸ்டார்ட் கொடுத்தாலும், கருவியின் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால்தான் பதிவு தொடங்கும். அதுவும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும். சென்சாரை ஃபிரிட்ஜ் கதவிலோ ஃப்ரீசரை ஒட்டியோ வைக்காமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் வையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: லாகர் பெட்டியும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே இருந்தால், வெளியே எடுத்ததும் அதன் மேல் வேர்க்கும். ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வந்தபின் சொருகுங்கள், ஈரத்தோடு சொருகினால் யு.எஸ்.பி. முனை துருப்பிடிக்கும்.

கேள்வி: சிப்பிக் காளான் ஷெட்டில் வெப்பமும் ஈரப்பதமும் பதிய லாகர் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இணைப்பதெல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் மதியம் 1 மணிக்குக் கரண்ட் போனால், ரிப்போர்ட்டில் 3.30-க்குச் சூடு ஏறுவதாக இருக்கிறது. எக்செல்லில் திறந்தால் தேதியும் குழம்புகிறது, பாதி தேதி ஒரு மாதிரி, பாதி வேறு மாதிரி. லாகர் பழுதா? (ஈரோடு வாசகர்)

பதில்: பழுது இல்லை. அந்த இரண்டரை மணி நேரம்தான் காட்டிக்கொடுக்கிறது. லாகர் சீன நேரத்தில் ஓடுகிறது. அவர்கள் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால், நம்முடையது 5.30 மணி முன்னால், கழித்தால் சரியாக 2.30. தொழிற்சாலையில் வைத்த நேரத்தை மாற்றாமலே ஸ்டார்ட் கொடுத்திருப்பீர்கள். சாஃப்ட்வேரில் டைம் சோன் கேட்கும் இடத்தில் 5.30 இருக்கிறதா பாருங்கள். முழு மணியை மட்டும் ஏற்கும் சாஃப்ட்வேர் என்றால் சோனை விட்டுவிட்டு "கம்ப்யூட்டர் நேரத்தோடு பொருத்து" என்பதைக் கொடுங்கள். இதுவரை பதிந்ததைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, எக்செல்லில் பக்கத்துக் கட்டத்தில் 2 மணி 30 நிமிடத்தைக் கழிக்கும் ஃபார்முலா ஒன்றைப் போட்டு இழுத்துவிட்டால் மொத்தமும் சரியாகிவிடும். மூல ஃபைலை மட்டும் தொடாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிக் குழப்பம் வேறு விஷயம். லாகர் மாதத்தை முன்னால் போட்டு எழுதுகிறது, உங்கள் கம்ப்யூட்டர் நாளை முன்னால் எதிர்பார்க்கிறது. மாதத்தின் 12-ஆம் தேதி வரைக்கும் எக்செல் எதையும் கேட்காமல் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டுக்கொள்ளும். 13-இலிருந்து அது தேதியாகவே தெரியாது, வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் நீங்கள் பார்த்த "பாதி". ஆபத்தானது அந்தப் பன்னிரண்டு நாள்தான், பார்க்கச் சரியாக இருக்கும் ஆனால் மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகியிருக்கும். லாகர் தரும் சி.எஸ்.வி. ஃபைலை (மதிப்புகளைக் கமா போட்டுப் பிரித்த எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செல்லை முதலில் திறந்து, டேட்டா மெனுவில் ஃபைலை உள்ளே கொண்டுவரும் வழியில் போய், தேதி வரிசை மாதம்-நாள்-வருடம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: டிப்ளமா கடைசி வருட புராஜெக்ட்டுக்கு ஆர்.எஸ்.485 (ஏ, பி என்ற இரண்டு ஒயரில் தகவல் அனுப்பும் முறை) வெளியீடு உள்ள லாகரை யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வழியாக என் லேப்டாப்பில் இணைக்கிறேன். அதில் இருப்பது உபுண்டு 22.04 லினக்ஸ். சொருகினால் போர்ட் தோன்றி உடனே மறைந்துவிடுகிறது. நண்பனின் விண்டோஸில் போர்ட் நிற்கிறது, ஆனால் ஒரு எழுத்துகூட வரவில்லை. (கோவில்பட்டி மாணவர்)

பதில்: தம்பி, இவை இரண்டும் வேறு வேறு பிரச்சினை. உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற புரோகிராம் முன்கூட்டியே இருக்கும். உங்கள் கன்வெர்ட்டரில் சி.எச்.340 சிப் இருந்தால் அதைப் பிரெயில் கருவி என்று எண்ணிப் போர்ட்டைப் பிடுங்கிக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பில் யாரும் பிரெயில் கருவி பயன்படுத்தவில்லை என்றால் அந்தப் புரோகிராமை நீக்கிவிடுங்கள், போர்ட் நிற்கும். அதன் பிறகு "அனுமதி இல்லை" என்று வந்தால் உங்கள் யூசர் பெயரை டயல்அவுட் என்ற குரூப்பில் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும்.

எழுத்து வராததற்கு முதல் காரணம் அநேகமாக ஏ, பி ஒயர்கள் மாறியிருப்பது. எந்த முனையை ஏ என்பது, எதை பி என்பது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு, அதனால் பெயரை நம்பாமல் ஒருமுறை மாற்றிப் போட்டுப் பாருங்கள், இதனால் எதுவும் எரிந்துவிடாது. அடுத்து இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டிய வேகம், டேட்டா பிட், பேரிட்டி, ஸ்டாப் பிட்: 9600, 8, பேரிட்டி இல்லை, 1 என்பது பரவலான அமைப்பு, ஆனால் உங்கள் லாகரின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் சரி. லாகர் பேசுவது மோட்பஸ் (கேள்வி கேட்டால் பதில் தரும் தகவல் முறை) என்றால் இன்னொன்றும் தெரிய வேண்டும், நீங்கள் கேட்காமல் அது தானாகப் பேசாது. வெறும் டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் விடிய விடிய ஒன்றும் வராது. சரியான ஸ்லேவ் நம்பரோடு (லாகரின் முகவரி எண்) கேள்வி அனுப்பினால்தான் பதில். கையேட்டில் ரெஜிஸ்டர் (மதிப்பு இருக்கும் கட்டம்) நம்பர் 40001 என்று இருந்தால் அனுப்பும்போது பெரும்பாலும் 0 என்று அனுப்ப வேண்டும், அங்கே எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது, இந்த ஒரு எண் வித்தியாசத்தில் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பைப் படித்துவிட்டு சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் மாணவர்கள் அதிகம். அப்புறம், விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும், டெர்மினலை மூடிவிட்டு லாகர் சாஃப்ட்வேரைத் திறக்கச் சொல்லுங்கள் உங்கள் நண்பரை. ஆர்.எஸ்.485 ஒயரின் கோடியில் போடும் 120 ஓம் ரெசிஸ்டரைப் பற்றி இப்போது கவலை வேண்டாம், மேஜை மேல் இருக்கும் ஒரு மீட்டர் ஒயருக்கு அது தேவைப்படாது, நீளமான ஒயர் இழுக்கும்போது இரண்டு கோடியிலும் போடுங்கள்.

கேள்வி: ஐஸ்கிரீம் வண்டியில் வைக்கும் லாகர் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரில் சொருகியே வைத்திருந்தால் சார்ஜ் ஏறுமா? பேட்டரியை மாற்றினால் உள்ளே இருக்கும் பதிவு போய்விடுமா? (திருச்சி வாசகர்)

பதில்: சி.ஆர்.2032 மாதிரி வட்ட பேட்டரி என்றால் ஏறவே ஏறாது, அது சார்ஜ் செய்யும் வகை இல்லை. கடுங்குளிரில் அதன் வோல்டேஜும் இறங்கிவிடும், அறையில் நன்றாக ஓடும் லாகர் மைனஸ் 18-இல் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், புது பேட்டரி போட்டுப் பாருங்கள். அரை ஏஏ அளவில் இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி என்றால் அதே வகைதான் வாங்க வேண்டும், கடையில் கிடைக்கும் சாதாரண செல் பொருந்தாது. பதிவுகள் பெரும்பாலும் ஃபிளாஷ் மெமரியில் இருப்பதால் பேட்டரியை எடுத்தாலும் இருக்கும், இருந்தாலும் மாற்றுவதற்கு முன் ஒருமுறை படித்துச் சேமித்துவிடுங்கள். கடிகாரம் பல மாடல்களில் பழைய தேதிக்குப் போய்விடும். பேட்டரி போட்ட கையோடு கம்ப்யூட்டரில் சொருகி நேரத்தைப் பொருத்தி, மறுபடி ஸ்டார்ட் கொடுத்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.