தீவுப் பறவைகளுக்குப் படக் கையேடு செய்யிறதெண்டா எங்கயிருந்து தொடங்குற?

கேட்டவர் சாய்ந்தமருது எண்டு போட்டிருக்கார். நம்மட மாதிரி வெக்கையான ஒரு தீவுல இருக்கிற பறவைகளுக்கு ஃபோட்டோவோட தமிழ்ல ஒரு கையேடு செய்ய ஆசை, என்ன கமரா வேணும், எத்தினை பறவை போடுற, எல்லாத்தையும் நானே எடுக்கணுமா, இதுதான் கேள்வி. நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். நாங்க கொஞ்சப் பேர் சேந்து வாவிக்கரைப் பறவைகளுக்கு இப்படி ஒண்டு செஞ்சுகொண்டிருக்கம், அதுல விளங்கினதச் சொல்லுறன். கமராக் கதைய பின்னுக்கு வச்சுக்குவம், எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்கிற, ஆனா அது பெரிய விசயமே இல்ல.

முதல் முடிவெடுக்க வேண்டியது எந்த நிலத்துக்குப் புத்தகம் எண்டு. முழு இலங்கைக்கும் எண்டு இறங்கினா இஞ்ச பதிவான பறவை 400க்கு மேல, அதுல கனக்க சிங்கராஜா, நுவரெலியா மாதிரி ஈரக் காட்டுக்கும் மலைக்கும் உரிய ஆக்கள். இலங்கைக்கு மட்டுமே உரிய இனம் 30க்கு மேல இருக்கு, அதுல அரைவாசிக்கு மேல நம்ம பக்கம் காணக் கிடைக்காது. ஆனா பறவைப் புத்தகம் எண்டதும் எல்லாருக்கும் அட்டையில அந்த நீண்ட நீல வால் இருக்கிற புளூ மக்பைதான் வேணும், அது வாழைச்சேனையில இருந்து பொத்துவில் மட்டும் எந்த வீட்டு வளவுக்கும் வராது. வடக்க வாகரையில இருந்து தெற்க கூமுனை மட்டும் எண்டு கோடு போடுங்க. கடற்கரை, வாவி, வயல், குளம், வறண்ட காடு, வீட்டு வளவு, இவ்வளவுக்குள்ள 120, 130 பறவை போட்டாலே ஒருத்தர் வருசம் முழுக்கக் காணுற எல்லாம் அடங்கிரும். நம்ம காட்டுலயும் இலங்கைக்கே உரியதுகள் இருக்கு, காட்டுக்கோழி, சாம்பல் இருவாச்சி, பழுப்புத் தலைச் சிலம்பன், வுட்ஷ்ரைக் எல்லாம் குடும்பிமலை, லாகுகலைப் பக்கம் காணலாம், அதுக்காக மழைக்காட்டுக்கு ஓடத் தேவையில்ல.

அடுத்தது, இதுதான் நான் முக்கியமாச் சொல்ல வந்தது. வடிவான படம் வேற, அடையாளம் காட்டுற படம் வேற. கையேட்டுக்கு வேணும் எண்டுறது கல்யாண அல்பத்துப் படமில்ல, அடையாள அட்டைப் படம். பேஸ்புக்குல ஆயிரம் லைக் வாங்கின மீன்கொத்திப் படம் புத்தகத்துக்கு உதவாமப் போகலாம், சேத்துக்குள்ள முதுகு காட்டி நிக்கிற ஒரு மங்கலான உள்ளான் (சேத்துல இரை தேடுற சின்னக் கரைப்பறவை) படம் தங்கமா இருக்கலாம். ஏனெண்டா வாசிக்கிறவர் பறவையக் காணப்போறது அந்தக் கோலத்துலதான்.

உள்ளானையே எடுங்க. நம்ம வாவிக்கும் வயலுக்கும் ஓகஸ்ட், செப்டெம்பர்ல இருந்து ஏப்ரல் மட்டும் வடக்குல இருந்து வந்து நிக்கிறதுகள். வெளிநாட்டுப் புத்தகத்துலயும் இன்டர்நெட்டுலயும் கர்லியூ சாண்ட்பைப்பர் எண்ட உள்ளான் வகையத் தேடினா செங்கல் நிறத்துல ஒரு பறவை வரும், அது சைபீரியாவுல ஆர்க்டிக் கரையில முட்டையிடுற காலத்து உடுப்பு. இஞ்ச வந்து நிக்கிற மாசங்கள்ல கிட்டத்தட்ட எல்லாம் சாம்பலும் வெள்ளையும்தான், முதல் வந்திறங்குறதுகள்லயும் ஏப்ரல்ல கிளம்பப்போறதுகள்லயும்தான் அங்கங்க சிவப்பு ஒட்டியிருக்கும். அந்தச் சிவப்புப் படத்தப் போட்டுட்டு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிட்ட இதப் பாத்துக் கண்டுபிடி எண்டா அது எப்புடிக் கண்டுபிடிக்கும்? அதால உள்ளான் பகுதிக்கு மாரி, பனிக்கால உடுப்புல இஞ்ச எடுத்த படம்தான் பெரிசா வரணும், சிவப்பு உடுப்பு பக்கத்துல சின்னனா இருந்தாப் போதும். இன்னொண்டு, எல்லாப் புத்தகமும் கால் நிறத்தப் பாருங்க எண்டு எழுதும், லிட்டில் ஸ்டின்ட் எண்ட குட்டி உள்ளானுக்கு கறுப்புக் கால், டெமிங்க், லோங் டோட் ஸ்டின்ட்டுகளுக்கு மஞ்சள் மாதிரி, வுட் சாண்ட்பைப்பருக்கும் மஞ்சள் கால் எண்டு. சேத்துக்குள்ள நிண்டா எல்லாக் காலும் சேத்து நிறம்தான். அதால சொண்டு நீளம், முதுகுல புள்ளி, பறக்கைக்க இடுப்பு வெள்ளையா இல்லையா, வால ஆட்டுதா, இப்படிக் காலுக்கு மேல உள்ள அடையாளங்களையும் படத்துல அம்புக்குறி போட்டுக் காட்டணும்.

நம்மட ஊர்ப் படம்தான் வேணும் எண்டுறதுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒண்டு இருக்கு. ஒரே பறவை இடத்துக்கு இடம் வேற மாதிரி. இந்தியப் புத்தகத்துல மரங்கொத்தி பொன்முதுகு, யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கமும் பொன்முதுகுதான், நம்ம பக்கம் தென்னையில தட்டிக்கொண்டிருக்கிறது செம்முதுகு, இது இலங்கைக்கே உரியது, ரெண்டும் சந்திக்கிற இடத்துல கலப்புப் பிறப்பும் இருக்கு. வெள்ளை வயிற்றுக் கரிக்குருவிய எடுத்தா ஈரவலயத்துல உள்ளதுக்கு வாலடியில மட்டும் கொஞ்சம் வெள்ளை, வறண்ட பக்கத்துல உள்ளதுக்கு வயிறு முழுக்க வெள்ளை. கொழும்புல எடுத்த படத்தப் போட்டா இஞ்ச உள்ளவன் இது வேற குருவி எண்டு நினைப்பான். வால் நீண்ட அரசவால் ஈப்பிடிப்பான் இன்னும் மோசம், இஞ்சயே குடியிருக்கிற இனத்துல ஆண் எப்பவும் செம்பழுப்புத்தான், அந்தத் தூய வெள்ளை ஆண் பனிக்காலத்துல இந்தியாவுல இருந்து வாற விருந்தாளி. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டு மாசத்தையும் எழுதினாத்தான் விளங்கும். காட்டுக்கோழியும் அப்பிடித்தான், நம்மடதுக்கு நெஞ்சு செம்மஞ்சள், சிவப்புக் கொண்டைப் பூவுக்கு நடுவுல மஞ்சள் திட்டு, தமிழ்நாட்டுச் சாம்பல் காட்டுக்கோழிப் படத்த இதுக்குப் போட்டா கதை முடிஞ்சுது.

ஒரு பறவைக்கு ஒரு படம் எண்டு கணக்குப் போடாதீங்க. குருட்டுக்கொக்கு வரம்புல குந்தியிருந்தா மண் நிறம், கிட்டப் போனா எழும்பும், எழும்பினா முழு வெள்ளைச் செட்டை, புதுசாப் பாக்கிற ஆக்கள் ரெண்டையும் ரெண்டு பறவை எண்டே எழுதிக்கொண்டு வருவாங்க. செம்பருந்துக் குஞ்சு வளந்து பறக்கிற வயசுல பழுப்பா இருக்கும், மீன் சந்தைக்கு மேல சுத்துறதுல அதையும் காணலாம், கரும்பருந்து எண்டு மாறி நினைக்க வைக்கும், வால் நுனி வட்டமா கவடா எண்டதுதான் பிரிக்கும். அப்ப குந்தினது, பறந்தது, ஆண், பெண், குஞ்சு எண்டு தேவைக்குத் தேவை மூண்டு நாலு படம் போகும். எல்லாத்துக்கும் அப்பிடி வேணாம், ஆட்காட்டிக்கு ஒண்டு போதும், அத ஆரும் மாறி நினைக்கிறதில்ல, சத்தமே காட்டிக் குடுத்துரும்.

ஒண்டையொண்டு மாறி நினைக்க வைக்கிற ஆக்களுக்கு தனியா ஒப்பீட்டுப் பக்கம் வைங்க. நாலு வெள்ளைக் கொக்கு ஒரே பக்கத்துல, ஒரே திசையப் பாத்து. சின்னக் கொக்குக்கு கறுப்புச் சொண்டு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். மாட்டுக் கொக்கு கட்டை, சொண்டு கட்டை மஞ்சள், முட்டைக் காலத்துல தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். பெரிய கொக்கும் நடுக் கொக்கும்தான் தலையிடி, தனிய நிண்டா அளவு விளங்காது, வாய்க் கோடு கண்ணுக்குப் பின்னால போனா பெரிசு, கண்ணுக்குக் கீழ நிண்டா நடு. இதக் காட்டுறதுக்கு தலை மட்டும் கிட்ட எடுத்த படம் வேணும். பெரிசுக்கு முட்டைக் காலத்துல மஞ்சள் சொண்டு கறுப்பாயிரும் எண்டதையும் மறக்காமப் போடுங்க.

எங்க, எப்ப எடுக்கிற எண்டா, வாவி வடக்கு தெற்காக் கிடக்கு, அதுதான் நமக்கு வரம். விடிய வாவிக்குக் கிழக்கால உள்ள எழுவான்கரையில நிண்டு மேற்கப் பாத்து எடுங்க, வெயில் முதுகுக்குப் பின்னால இருக்கும். பின்னேரம் மண்முனைப் பாலத்தால அங்கால கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய் மேற்குப் பக்கப் படுவான்கரையில நிண்டு கிழக்கப் பாருங்க. இத விட்டுட்டு பின்னேரம் கல்லடியில நிண்டு சூரியனுக்கு நேர எடுத்தா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு நல்லா இருக்கும், புத்தகத்துக்கு எல்லாம் கறுப்பு உருவம்தான். வட்டைக்குள்ள, அதான் வயலுக்குள்ள, நல்ல நேரம் பெரும்போக அறுவடை முடிஞ்சு சிறுபோகத்துக்கு உழவு மிசின் இறங்கைக்க, மிசினுக்குப் பின்னால மாட்டுக் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் வரிசையா வரும், ஆள் இருக்கு எண்ட பயமே இல்ல. மிசின்காரத் தம்பியிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரம்புல குந்துங்க, நடந்து திரியாதீங்க.

உங்களுக்கு அம்பாறைப் பக்கம் கிட்ட. கூமுனை 1970ல தேசியப் பூங்கா ஆனது, 2010ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல சேந்தது, மே தொடங்கி ஜூலை மட்டும் அங்க உள்ள வில்லு எண்ட சதுப்புக் குளத்துக்குள்ள கூழைக்கடா, நாரை, கொக்கு எல்லாம் கூடு கட்டுற. உகந்தையால கதிர்காமத்துக்கு நடந்து போற ஆக்கள் அந்தக் காட்டால போற காலமும் அதுல விழும். கூட்டுக்குக் கிட்டப் போய் எடுத்த படம் எனக்கு வேணாம், ஆர் அனுப்பினாலும் நான் போடமாட்டன். தாய் எழும்பிப் போனா காகமும் வெயிலும் பாத்துக்கொண்டு இருக்கும். போன்ல பறவைச் சத்தத்தப் போட்டு அதுகளக் கூப்பிட்டு எடுக்கிறதும் அப்பிடித்தான். 1954ல பூங்காவாக்கின கல்லோயாவுக்குப் போனா சேனநாயக்க சமுத்திரத்துல போட்டுல போற, அங்க கமரா முக்காலி ஒண்டுக்கும் உதவாது, கையில தூக்கக்கூடிய லென்ஸ்தான் வேணும். பூங்காவுக்குள்ள எடுத்தத விக்கிற புத்தகத்துல போடுறதெண்டா வனஜீவராசிகள் திணைக்களத்துல முதல்லயே கேட்டு எழுத்துல வாங்கி வைங்க. உன்னிச்சை, லாகுகலை எல்லாம் யானை நிலம், கண்ண கமராவுக்குள்ளயே வச்சுக்கொண்டு இருக்காதீங்க.

இப்ப கமரா. 150-600 மில்லிமீற்றர் லென்ஸ் ஒண்டு போதும், காசு பத்தாட்டி நிக்கோன் பி900 மாதிரி சூம் கமராவும் குந்தியிருக்கிற பறவைக்குக் காணும், பறக்கிறதுக்குத்தான் திணறும். பறக்கிறதுக்கு ஷட்டர் 1/2000 வையுங்க, வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷர ஒரு படி குறையுங்க, இல்லாட்டி இறகு ஒண்டும் தெரியாம சுண்ணாம்பு மாதிரி வரும். ஒம்பது மணிக்குப் பொறகு வாவி மேல கானல் எழும்பும், எவ்வளவு விலை லென்ஸ் வச்சாலும் படம் நெளியும், அந்த நேரம் வீட்ட போய்ச் சாப்பிடுங்க. நம்ம ஈரக் காத்துக்கு லென்சுக்குள்ள பங்கஸ் பிடிக்கும், காத்துப் போகாத பெட்டியில சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறது கட்டாயம். பெரிய மெகாபிக்சல் வேணும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க, 8 சென்ரிமீற்றர் அகலத்துல 300 டிபிஐயில அச்சடிக்க 945 பிக்சல்தான் போகும், வெட்டி எடுத்த படமும் தாராளமா நிக்கும்.

எல்லாத்தையும் நீங்களே எடுக்கத் தேவையே இல்ல. அக்கரைப்பற்று, கல்முனை, வாழைச்சேனை எல்லா இடத்துலயும் நல்லா எடுக்கிற பொடியன்மார் இருக்காங்க, காக்காமார், தம்பிமார் எல்லாரிட்டயும் கேளுங்க. ஆனா வாட்ஸ்அப்ல வந்த படம் வேணாம், அது நசிஞ்சு வாறது, ஒரிஜினல் ஃபைல டிரைவ்ல போடச் சொல்லுங்க, எந்த இடம், எந்த மாசம் எண்டும் எழுதிக் கேளுங்க, எந்தப் புத்தகத்துக்கு எந்தப் படம், பேர் எப்புடி வரும், காசு உண்டா இல்லையா எண்டு ஒரு தாள்ல கையெழுத்து. சிநேகிதமெண்டு வாயால முடிக்கிற அலுவல் புத்தகம் வந்த பொறகு கொழுவலாகும்.

பக்க ஒழுங்கு விசயத்துல எங்களுக்குள்ளயே சண்டை. விஞ்ஞான ஒழுங்குலதான் வரணும் எண்டு ஒருத்தர், நான் இடத்தால பிரிக்கிற கட்சி, வாவி, வட்டை, வளவு, காடு, கடல் எண்டு. மீன் பிடிக்கிற ஆளுக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் குடும்ப வரிசை ஒண்டும் சொல்லாது. அளவ சென்ரிமீற்றர்ல எழுதினாலும் மைனாவ விடச் சின்னன், காகத்த விடப் பெரிசு எண்டும் எழுதுங்க. பரம்பல் மெப்புக்குப் பதிலா பன்னிரண்டு மாசத்துக்கும் ஒரு கட்டக் கோடு, எந்த மாசம் இருக்கும் எண்டு, அது நம்ம பக்கத்துக்கு ஆயிரம் மடங்கு உதவும். ஊர்ப் பேர், தமிழ்ப் பேர், சிங்களம், ஆங்கிலம், விஞ்ஞானப் பேர் எல்லாம் வரட்டும், விஞ்ஞானப் பேரோட எந்த வருசப் பட்டியல் எண்டும் போடுங்க, லெஸ்ஸர் சாண்ட் ப்ளோவர் எண்ட கரைப்பறவைய அண்மையில ரெண்டு இனமாப் பிரிச்சிட்டாங்க, இப்படி மாறிக்கொண்டே இருக்கும். ஆந்தை, பக்கி, குக்குறுவான் மாதிரி கண்ணுல படாமக் கத்துற ஆக்களுக்கு கியூஆர் கோட் போட்டு சத்தத்தக் கேக்க வைக்கலாம்.

பிரஸ்ஸுக்குப் போனா அங்க வேற உலகம். இன்னும் கனக்க இடத்துல யூனிகோட் இல்லாத பழைய பாமினி எழுத்துருதான், நீங்க யூனிகோடுல அடிச்சதக் குடுத்தா எல்லாம் குழம்பி வரும், இன்டிசைன் எண்ட பக்கம் கட்டுற மென்பொருள்ல வேர்ல்ட் ரெடி கம்போசர் எண்ட தெரிவப் போடாட்டி கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும். நீங்களே பக்கம் கட்டி பிடிஎஃப் ஆக்கிக் குடுங்க. அச்சு மைக்கு மாத்தைக்க மீன்கொத்தியின்ட நீலமும் கிளிப் பச்சையும் செத்துப்போகும், அதால அதே தாள்ல ஒரு ஷீட் அடிச்சுப் பாக்காம ஓம் சொல்லாதீங்க. மினுங்குற ஆர்ட் பேப்பர் வெயில்ல கண்ணக் கூசும், மேட் எடுங்க. ஏ5 அளவு, பக்கம் 16ன் மடங்குல, கட்டாயம் நூல் தையல், பசை மட்டும் போட்டா ஒரு மாரிக்குள்ள பக்கம் கழண்டுரும். ஐஎஸ்பிஎன் தேசிய நூலகத்துல எடுக்கலாம்.

காலம் எவ்வளவு எண்டா, வலசை ஆக்களுக்கு குறைஞ்சது ரெண்டு பனிக்காலம் வேணும், முதலாவதுல என்ன படம் இல்ல எண்டு தெரியும், ரெண்டாவதுல அத எடுக்கிற. அது மட்டும் சும்மா இருக்காம அந்த நாலு கொக்குப் பக்கத்த முதல்ல செஞ்சு, வீட்டு பிரிண்டர்ல அடிச்சு, பறவை தெரியாத ரெண்டு பேரிட்டக் குடுத்து கரையில நிண்டு பாக்கச் சொல்லுங்க. அவங்க பெரிசையும் நடுவையும் சரியாப் பிரிச்சா மிச்சம் 120க்கும் அதே மாதிரிப் பக்கம் கட்டலாம், பிரிக்காட்டி தலைப் படத்த மாத்துங்க. ஓகஸ்ட் பிறக்கிறதுக்குள்ள அத முடிச்சீங்களெண்டா உள்ளான் வரைக்க நேர சேத்துக்கு இறங்கலாம்.