இரண்டு மணி நேரம் பிரார்த்தித்தும் நிம்மதி இல்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 43. சென்ற வருடம் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, சிகிச்சைக்குப் பிறகு நலமாக இருக்கிறார். ஆனால் அன்று புகுந்த பயம் என்னை விட்டுப் போகவில்லை. காலையில் அரை மணி நேரம் பிரார்த்திப்பேன். இப்போது அது இரண்டு மணி நேரமாகிவிட்டது. ஒரு வார்த்தை தவறினாலும், நடுவில் வேறு நினைப்பு வந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லாவிட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நெஞ்சு படபடக்கிறது. முடித்ததும் சில நிமிடம் நிம்மதி, பிறகு பழைய கதைதான். நடு இரவில் எழுந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன். ‘உனக்கு நம்பிக்கை போதவில்லை’ என்கிறார் உறவினர் ஒருவர். கடவுளை நம்பினால் மன அமைதி கிடைக்கும் என்கிறார்களே, எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உறவினர் சொன்னதை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள். உங்கள் நம்பிக்கையில் குறையில்லை. அதன் மேல் பயம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நடப்பது இதுதான். பயம் வருகிறது, திரும்பச் சொல்கிறீர்கள், பயம் தணிகிறது. ‘திரும்பச் சொன்னதால்தான் ஒன்றும் ஆகவில்லை’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. சொல்லாமல் விட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அறிய அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால் அடுத்த முறை இன்னும் அதிகம் கேட்கிறது. அரை மணி இரண்டு மணியானது இப்படித்தான். மிகுந்த பக்தி உள்ளவர்களுக்கும் இது வரும். 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்த புனித இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையை நிறுவியவர்), குருவிடம் சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் ஆறுதல் இல்லாமல் தவித்தார். பழையதை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே அது விலகியது.

பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு ஓர் எல்லை வையுங்கள். இந்த வாரம் ஒன்றரை மணி நேரம். அடுத்து வாரந்தோறும் 15 நிமிடம் குறைத்து, பழைய அரை மணிக்கு வாருங்கள். அலாரம் அடித்ததும், பாதி வரியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். வார்த்தை தவறினால் தவறியபடியே மேலே செல்லுங்கள். அப்போது படபடப்பு ஏறும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதற்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். 8 என்று தொடங்கியது எதுவும் செய்யாமலே 5, 4 என்று இறங்குவதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பீர்கள். முதல் நாளே இறங்கவில்லை என்றால் பதற வேண்டாம், பழகப் பழக இறங்கும்.

பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வாயால் சொல்வதை விட்டுவிட்டு மனதுக்குள் ரகசியமாகச் சொல்லிக்கொள்வார்கள். அல்லது ‘உங்களுக்கு ஒன்றும் இல்லையே?’ என்று கணவரைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டும் அதே சுழல்தான். இரவில் மூச்சைப் பார்ப்பதும் அப்படியே. விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வெகு நேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் அசத்தும்போது வந்து படுங்கள்.

குறைத்த நேரத்தில் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். ‘அவருக்கு எதுவும் ஆகக்கூடாது’ என்பது உத்தரவாதம் கேட்பது. எந்த மதமும் அப்படி ஓர் உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் கேட்கக் கேட்க மனம் ஆறவில்லை. கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துச் சொல்லுங்கள். ‘மாத்திரையை வேளைக்கு எடுத்து வைப்பதும் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாததும் என் வேலை. மற்றது உன்னிடம்.’ ஒரே ஒரு முறை சொன்னால் போதும்.

மாலையில் பத்து நிமிடம், பிடித்த இறைநாமத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள்: ஐந்து விநாடி உள்ளே, ஐந்து விநாடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். 2001-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், ஜெபமாலை ஜெபமும் பௌத்த மந்திரமும் சொன்னவர்களின் மூச்சு ஏறக்குறைய இந்த வேகத்துக்கே இறங்கியது. மனம் அலைந்தால் சண்டை போடாமல் நாமத்துக்குத் திரும்புங்கள். எத்தனை முறை சொன்னோம் என்று எண்ண வேண்டாம். பயம் வரும்போதெல்லாம் இதை ஓடிப்போய் எடுக்கவும் வேண்டாம்; அப்படி எடுத்தால் இதுவும் இன்னொரு கட்டாயச் சடங்காகிவிடும்.

இவற்றோடு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ அவசியம் பாருங்கள். விடாத எண்ணங்களும் திரும்பச் செய்தலும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோயா என்று பார்க்க வேண்டும். நான் மேலே சொன்னதை அவர்கள் இன்னும் படிப்படியாக, உடன் இருந்து செய்விப்பார்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே போக வேண்டும். போகும்போது அந்த மதிப்பெண் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.