முதல்ல அளங்க, அப்புறம் திருகுங்க: பேஸ் கிட்டார் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல பேஸ் கிட்டார் பத்தி தான். லீட் கிட்டார்காரங்க கோவிச்சுக்காதீங்க, உங்க கேள்வியெல்லாம் பத்திரமா இருக்கு, அடுத்த தடவை பாத்துக்கலாம்.

கேள்வி: அண்ணா, மதுரையில காலேஜ் படிக்கிறேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு 4 கம்பி பேஸ் வாங்கினேன். கம்பி ரொம்ப உயரமா இருந்துச்சு, விரல் வலி தாங்கல. யூடியூப்ல பாத்து ட்ரஸ் ராடை ஒரு முழு சுத்து டைட் பண்ணேன். உயரம் கொஞ்சம் குறைஞ்சுச்சு, ஆனா இப்ப முதல் 5 ஃப்ரெட்ல (நெக் மேல குறுக்க பதிச்சிருக்கிற உலோகப் பட்டை) எங்க அமுக்கினாலும் ஜர்ர்ர்னு அடிக்குது. நெக் போச்சா?

பதில்: போகல தம்பி, பயப்படாதீங்க. ஆனா நீங்க பண்ண தப்பு ரொம்ப பேர் பண்றது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ட்ரஸ் ராடு கம்பி உயரத்தை குறைக்கிறதுக்கு இல்ல. 4 கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 70, 80 கிலோ இழுவையில நெக்கை முன்னாடி வளைக்குது, அதுக்கு எதிரா பின்னாடி இழுத்துப் பிடிக்கத்தான் உள்ள ஒரு இரும்பு ராடை வச்சிருக்காங்க. அதுக்காக நெக் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கணும்னும் இல்ல, ஏன்னா கம்பி அதிரும்போது நடுவுல தான் அகலமா ஆடும், அந்த ஆட்டத்துக்கு இடம் வேணும், அதனால நெக் ஒரு துளி உள்குழிவா இருக்கணும். நீங்க முழு சுத்து சுத்தினதுல அந்தக் குழிவு போயி, சொல்லப்போனா முதுகு கூன் போட்ட மாதிரி பின்னாடி வளைஞ்சிருக்கும், அதான் முதல் 5 ஃப்ரெட்ல அடிக்குது. இதே சத்தம் 12வது ஃப்ரெட்டுக்கு மேல மட்டும் வந்தா அது வேற கதை, சாடில், அதாவது பாடிப் பக்கம் பிரிட்ஜ்ல கம்பியைத் தாங்குற குட்டி கட்டை, தாழ்வா இருக்கும். ஒரே ஒரு ஃப்ரெட்ல மட்டும் வந்தா பக்கத்து ஃப்ரெட் தூக்கிட்டு நிக்குதுனு அர்த்தம். எதையும் அமுக்காம வெறும் கம்பியில மட்டும் வந்தா தலைப்பக்கம் கம்பி உக்காருற நட்ல வெட்டு ஆழமா போயிருக்கு.

அளக்கிறது எப்படினா, கம்பியை சரியா டியூன் பண்ணிட்டு, வாசிக்கிற மாதிரியே மடியில வச்சுக்கிட்டு முதல் ஃப்ரெட்டையும், நெக் பாடியோட சேர்ற இடத்துல இருக்கிற ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில அமுக்குங்க, முதல் ஃப்ரெட்டுக்கு கேப்போ, அதாவது கம்பியை அமுக்கிப் பிடிக்கிற கிளிப், இருந்தா கை ஒண்ணு மிச்சம். இப்ப அந்தக் கம்பியே ஒரு ஸ்கேல் மாதிரி நேரா நிக்கும். 7வது 8வது ஃப்ரெட்கிட்ட கம்பிக்கு அடியில எவ்வளவு சந்து இருக்குனு பாருங்க, 0.3 மில்லிமீட்டர் சுத்தி இருந்தா போதும். இதுக்குன்னு தனியா காசு போட்டு எதுவும் வாங்க வேண்டாம், தெருமுனை பைக் மெக்கானிக்கிட்ட டேப்பட் சந்து அளக்கிற ஃபில்லர் கேஜ் இருக்கும், அதுல 0.30 இலையை மட்டும் அஞ்சு நிமிஷம் கடன் கேளுங்க. அவரு கிட்டாருக்கு டேப்பட்டானு சிரிப்பாரு, சிரிச்சுட்டு போகட்டும். அதுவும் கிடைக்கலன்னா ஒரு விசிட்டிங் கார்டை செருகிப் பாருங்க, பெரும்பாலும் அதுவும் அந்த கனம் தான்.

சந்தே இல்லன்னா ராடை லூஸ் பண்ணணும், அதாவது ராடு முனையில இருக்கிற நட்டுக்கு நேரா நின்னு பாத்தா கடிகாரத்துக்கு எதிர்த்திசை. கால் சுத்து, அவ்வளவு தான். மறுபடி டியூன் பண்ணி பத்து நிமிஷம் விட்டு அளந்து பாத்துட்டு அப்புறம் தான் அடுத்த கால் சுத்து, ஏன்னா மரம் உடனே அசையாது, ராத்திரி திருகினது காலையில வேற கணக்கு காட்டும். குழிவு சரியானதுக்கு அப்புறம் தான் உயரம். 17வது ஃப்ரெட்ல அதோட மேல்பக்கத்துல இருந்து கம்பியோட அடிப்பக்கம் வரைக்கும் ஈ கம்பி (E, தடிச்சது) 2.4 மில்லி, ஜி கம்பி (G, மெல்லிசு) 2 மில்லி, இதுல இருந்து ஆரம்பிங்க. பிரிட்ஜ்ல இருக்கிற குட்டி குட்டி ஸ்க்ரூ தான் இதுக்கு. ஓங்கி அடிச்சு வாசிக்கிற கைன்னா கொஞ்சம் கூட வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, ஆலன் கீ சரியான அளவுல இருக்கணும், இதுல நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். என் முதல் பேஸ்ல ராடு நட்டு 3/16 அங்குலம், அதாவது 4.76 மில்லி. என்கிட்ட இருந்த பெட்டியில 5 மில்லி உள்ள போகல, 4.5 லொடலொடனு போச்சு, சரி போதும்னு நினைச்சு ராத்திரி பதினொரு மணிக்கு அழுத்தித் திருப்பினேன், கறக்குனு ஒரு சத்தம். ஆறு மூலையும் வழிஞ்சு உள்ள வட்டமா ஆயிடுச்சு. அந்த நட்டை வெளிய எடுக்க செலவானது, பேஸ் வாங்கின விலையில மூணுல ஒரு பங்கு. எங்க வீட்ல இன்னைக்கும் நான் ஆலன் கீயை கையில எடுத்தா எல்லாரும் கடிகாரத்தைப் பாப்பாங்க.

கேள்வி: நாகர்கோவில்ல சர்ச் குவையர்ல வாசிக்கிறேன் சார். டியூனர்ல வெறும் கம்பி சரியா காட்டுது, ஆனா 12வது ஃப்ரெட்டுக்கு மேல போனா கீபோர்டோட சேரவே மாட்டேங்குது. கீபோர்ட் வாசிக்கிற அக்கா என்னைத் தான் முறைக்கிறாங்க.

பதில்: அக்கா முறைக்கிறது நியாயம் தான் மா, ஆனா குத்தம் உங்க காது மேல இல்ல, இன்டோனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சேர்றது, விலகியிருக்கு. முதல்ல ஒண்ணு கேக்கணும், கம்பி மாத்தி எவ்வளவு நாள் ஆச்சு? கடல் காத்தும் விரல் வேர்வையும் சேர்ந்தா கம்பி சுத்துக்குள்ள அழுக்கும் துருவும் ஏறி அங்கங்க கனம் மாறிடும், அப்படிப்பட்ட கம்பிய யாராலயும் சரி பண்ண முடியாது. புதுக்கம்பி போட்டு, குழிவும் உயரமும் பாத்துட்டு, கடைசியா இதுக்கு வாங்க. 12வது ஃப்ரெட்டுக்கு நேர் மேல விரலைச் சும்மா தொட்டு ஹார்மோனிக் அடிங்க, அப்புறம் அதே ஃப்ரெட்டை அமுக்கி அடிங்க. அமுக்கினது டியூனர்ல சுருதி கூட காட்டினா சாடிலை நெக்கை விட்டு தள்ளிப் பின்னாடி கொண்டு போங்க, கம்மியா காட்டினா நெக் பக்கம் முன்னாடி. ஒவ்வொரு தடவையும் வெறும் கம்பியை மறுபடி டியூன் பண்ண மறக்காதீங்க. முடிஞ்சதும் சாடில் நாலும் படிக்கட்டு மாதிரி நிக்கும், ஈ கம்பியோடது தான் எல்லாத்துக்கும் பின்னாடி, கோணலா இருக்கேனு நேராக்கிடாதீங்க, அது அப்படித்தான் இருக்கணும்.

கேள்வி: கோயம்புத்தூர்ல கல்யாணக் கச்சேரி பண்றோம். என்கிட்ட இருக்கிறது ஜாஸ் பேஸ் மாடல். ஒரு பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) வால்யூமை குறைச்சா உய்ய்ங்னு ஹம், ரெண்டையும் முழுசா வச்சா போயிடுது. போன வாரம் மைக்ல உதடு பட்டு சுள்ளுனு ஷாக் வேற. ஒரு நண்பர் பிரிட்ஜ்ல வர்ற எர்த் வயரை வெட்டிடுன்றார்.

பதில்: வெட்டாதீங்க. நண்பருக்கு நல்ல மனசு தான், யோசனை தான் தப்பு. இங்க ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. முதல்ல ஹம். ஃபெண்டர் கம்பெனி 1960ல ஜாஸ் பேஸ் கொண்டு வந்தப்ப ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப் வச்சாங்க, அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா சுத்தி, காந்தமும் எதிரா இருந்தா, ரெண்டும் சம அளவுல திறந்திருக்கும்போது கரண்டு ஹம் ஒண்ணை ஒண்ணு தின்னுடும். ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணு தனியா பாட ஆரம்பிக்கும். உங்களோடது அப்படித்தான் வேலை செய்யுது, ரிப்பேர்னு எதுவும் இல்ல. அவங்களோட இன்னொரு மாடலான பிரெசிஷன் பேஸ்ல 1957ல இருந்து பிக்கப்பையே ரெண்டா வெட்டி இதே வித்தையை உள்ளயே வச்சுட்டாங்க, அதான் அது சத்தம் போடாது. தொந்தரவா இருந்தா பிக்கப் குழியிலயும் கண்ட்ரோல் குழியிலயும் காப்பர் டேப் ஒட்டி, எல்லாத் துண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடுற மாதிரி ஈயம் வச்சு, ஒரு வயரை வால்யூம் திருகோட (பாட்) முதுகுல எர்த்தோட சேருங்க. சர்சர்னு வர்ற இரைச்சல் நல்லா குறையும், ட்ரான்ஸ்ஃபார்மர் ஹம் முழுசா போகாது. அது வேணாம்னா ஹம் வராத மாதிரி செஞ்ச பிக்கப் மாத்தணும்.

கம்பியைத் தொட்டதும் ஹம் குறைஞ்சா பிரிட்ஜ் எர்த் வேலை செய்யுதுனு அர்த்தம், அந்த வயரைத் தான் அவர் வெட்டச் சொல்றார். ஷாக் வர்றது அந்த வயரால இல்ல. மண்டபத்து பிளக்ல எர்த் இல்லாம இருக்கலாம், இல்லன்னா ஆம்ப் ஒரு லைன்லயும் மிக்ஸர் ஜெனரேட்டர்லயும் ஓடிட்டிருக்கும். உதட்டுல சுள்ளுனதோட போச்சு, அது உங்க நல்ல நேரம். ஆம்பையும் மிக்ஸரையும் எர்த் உள்ள ஒரே இடத்துல இருந்து எடுக்கச் சொல்லுங்க, மூணு பின் பிளக்ல மேல் பின்னை உடைக்கிற பழக்கம் குழுவுல யாருக்காவது இருந்தா திட்டுங்க, எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வச்சு பாக்கிற வரைக்கும் வாசிக்காதீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க அவசரப்படுத்துனாலும் சரி.

கேள்வி: ஆக்டிவ் பேஸ், 9 வோல்ட் பேட்டரி மாசம் ஒண்ணு தின்னுது. உள்ள ஏதாவது லீக்கா?

பதில்: வாசிச்சு முடிச்சதும் கேபிளைப் பிடுங்கி வைக்கிறீங்களா? பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்ல அந்த ஜாக் தான் சுவிட்ச், செருகியிருக்கிற வரைக்கும் பேட்டரி ஓடும். ஸ்டாண்டுல கேபிளோட நிக்க வச்சீங்கன்னா ராத்திரி பூரா அதுவே கச்சேரி பண்ணும்.

கேள்வி: பழைய கம்பிய வெந்நீர்ல கொதிக்க வச்சா புதுசு மாதிரி ஆகும்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: உண்மை தான், ஆனா நாலஞ்சு நாள் கூத்து. பத்து நிமிஷம் கொதிச்சதும் சுத்துக்குள்ள இருந்த எண்ணெயும் அழுக்கும் கழண்டு வரும், தண்ணி டீத்தண்ணி கலருக்கு வரும், கம்பி பளிச்சுனு பேசும். நல்லா துடைச்சுக் காயவைக்கலன்னா உள்ள துரு பிடிக்கும், கழட்டி மாட்டி கழட்டி மாட்டி கம்பி முனையும் பலமில்லாம போயிடும். புதுசு வாங்க காசு சேர்ற வரைக்கும் பண்ணலாம், சமையல் பாத்திரத்துல மட்டும் வேண்டாம். நேர் எதிரா ஒரு ஆளும் இருந்தார். அமெரிக்காவோட மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனி பாட்டுக்கெல்லாம் பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜாமர்சன், ஃபிளாட்வவுண்ட் (மேல் சுத்து தட்டையா, வழவழனு இருக்கிற) கம்பி அறுந்தா ஒழிய மாத்தவே மாட்டார், அந்த மந்தமான தும் தும் தான் அவர் சொத்து. அது ஃபிளாட்வவுண்ட், அதுவும் அவர் விரல். நாம சுத்து உருண்டையா இருக்கிற ரவுண்ட்வவுண்ட்ல அப்படி விட்டா அழுகின கம்பி தான் மிஞ்சும்.

கேள்வி: தஞ்சாவூர்ல வீணை கத்துக்கிட்டேன், இப்ப பேஸ்ல கமகம் வாசிக்க ஆசை. ஃப்ரெட்டையெல்லாம் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்கிடலாமா? பேஸ் மேதை ஜாகோ பாஸ்டோரியஸும் அப்படித்தானே பண்ணார்?

பதில்: பண்ணார். அவரோட 1962 ஜாஸ் பேஸ் தான் அது, ஃப்ரெட் எடுத்த பள்ளத்தை நிரப்பி, மேல படகுக்கு பூசுற எபாக்ஸி பூசியிருந்தார், ஏன்னா அவர் போட்டது ரவுண்ட்வவுண்ட் கம்பி, அது அரம் மாதிரி மரத்தை அராவும். ஆனா உங்ககிட்ட இருக்கிறது ஒரே பேஸா? அப்படின்னா தொடாதீங்க, நெக்கை போல்ட் போட்டு மாட்டின மாடலா இருந்தா தனியா ஒரு ஃப்ரெட்லெஸ் நெக் வாங்கி மாட்டிக்கலாம், பிடிக்கலன்னா பழசு பத்திரமா இருக்கும்.

வீணையில மெட்டு மெழுகுல உக்காந்திருக்கு, சூடு காட்டினா நகரும். இங்க ஃப்ரெட்டுக்கு அடியில முள்ளு முள்ளா இருந்து மரத்தைக் கவ்விட்டிருக்கும். அப்படியே பிடுங்கினா மரமும் செதில் செதிலா கூடவே வரும். இருக்கிற பேஸ்ல தான் பண்ணுவேன்னா, சால்டரிங் அயர்னை ஃப்ரெட் மேல வச்சு சூடாக்கி, தட்டையா தேய்ச்ச கட்டிங் பிளேயரால ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கவ்விக் கவ்வி நகருங்க, இழுக்காதீங்க, தூக்குங்க. பள்ளத்துல வேற நிறத்து மரச்சீவலை ஒட்டி சமமா தேய்ச்சா கோடு கண்ணுக்குத் தெரியும், ஆரம்பத்துல அது பெரிய துணை. ஃப்ரெட் போனதும் கம்பி சுமார் ஒரு மில்லி உயரமா நிக்கும், நட்டையும் சாடிலையும் இறக்கணும், நெக் குழிவும் கிட்டத்தட்ட இல்லாம பாத்துக்கணும், கம்பி ஃபிளாட்வவுண்ட் போடுங்க.

வீணை மாதிரி கம்பிய ஓரத்துக்கு இழுத்து மூணு ஸ்வரம் ஏத்துற வேலை இந்த தடி கம்பியில நடக்காது, அதை மறந்துடுங்க. ஜாரு (ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிப் போறது) அழகா வரும், அசைவும் வரும், கிட்டத்தட்ட வயலின் கை. ஒரே ஒரு எச்சரிக்கை, நெக் ஓரத்துல இருக்கிற புள்ளி ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல தான் இருக்கும், ஸ்வரம் இருக்கிறது கோட்டு மேல. புள்ளியை நம்பி விரல் வச்சா கிட்டத்தட்ட அரை ஃப்ரெட் தூரம் கம்மியா பேசும். முதல் ஒரு மாசம் வீட்ல யாரும் இல்லாத நேரமா பாத்து வாசிங்க.