வழுக்காமல் பார்க்க ஒரு பனித் திருவிழா

டோக்கியோவில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள் பிப்ரவரியில் சப்போரோ பனித் திருவிழாவுக்குப் போக நினைக்கிறோம். சனி, ஞாயிறு போதுமா?

தாராளமாகப் போதும், ஞாயிறு இரவுக் கடைசி விமானத்தை நம்பாமல் இருந்தால். டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து சப்போரோவுக்கான நியூ சிதோசே விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் பனி கொட்டினால் அங்கே ஓடுபாதையைச் சுத்தம் செய்வதற்காக மூடுவதும், வரிசையாக விமானங்கள் ரத்தாவதும் குளிர்காலத்தில் நடக்கிற சங்கதி. பிற்பகல் விமானம் ரத்தானால் அடுத்ததில் ஏற வாய்ப்பு உண்டு. கடைசி விமானம் போனால் இரவு முழுக்க விமான நிலையத் தரைதான். ரயிலும் மாற்றாகாது. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில், சப்போரோவுக்கு வெகு முன்பே ஷின்-ஹகோடாடே-ஹொகுடோ நிலையத்தோடு நின்றுவிடும். அங்கே ரயில் மாறி, மொத்தம் எட்டு மணி நேரம் பிடிக்கும். முடிந்தால் திங்கள் காலை விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

விமான நிலையத்திலிருந்து சப்போரோவுக்கு 'ரேபிட் ஏர்போர்ட்' ரயிலில் சுமார் 40 நிமிடம். விழா நாட்களில் அறை வாடகை பல மடங்கு ஏறும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே பதிவு செய்யுங்கள். தாமதமாகிவிட்டதா? ஒதாரு, சிதோசே இரண்டும் ரயிலில் எட்டும் ஊர்கள்தான், அங்கே தேடிப் பாருங்கள். சக்கரப் பெட்டி மட்டும் வேண்டாம். பனிச் சேற்றில் சக்கரம் உருளாது, இழுத்துத்தான் போக வேண்டும். முதுகுப் பையே மேல்.

எந்த இடத்தை எப்போது பார்ப்பது?

விழா மூன்று இடங்களில் நடக்கும். சனி மாலை, பனிச் சிற்பங்கள் இருக்கும் முக்கிய இடமான ஒதோரி பூங்காவுக்குப் போங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். நான்கு மணிக்கு உள்ளே நுழைந்தால் பகல் வெளிச்சத்தில் சிற்பங்களின் செதுக்கலைப் பார்க்கலாம், இருட்டியதும் அவற்றின் மேல் விழும் ஒளிக்காட்சியையும் பார்த்துவிடலாம். பூங்கா ஒன்றரை கிலோமீட்டர் நீளம். கூட்டத்தை ஒருவழியாகத்தான் விடுவார்கள், நினைத்த இடத்தில் திரும்பி வர முடியாது. அதனால் நண்பர்கள் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பெரிய சிற்பங்களோடு திரும்பிவிடாமல், 11-ஆம் பகுதியில் நடக்கும் சர்வதேசப் போட்டிச் சிற்பங்களையும் பாருங்கள். நம் அபிப்பிராயத்தில் நுணுக்கமான வேலைப்பாடு அங்கேதான்.

ஒதோரியில் விளக்குகள் இரவு 10 மணி வரை எரியும். அதற்குள் முடித்துக்கொண்டு சுரங்கப் பாதை வழியாகவே இரண்டாவது இடமான சுசுகினோவுக்கு நடந்துவிடலாம். அங்கே இருப்பவை ஐஸ் சிற்பங்கள். பனியில் சறுக்கி விளையாடும் மேடைகள் இருக்கும் மூன்றாவது இடமான ட்சுடோமே மாலையிலேயே மூடிவிடும், அதை ஞாயிறு காலைக்கு வையுங்கள். சுரங்க ரயிலில் தோஹோ தடத்தின் கடைசி நிலையமான சகாஏமச்சியில் இறங்க வேண்டும்.

குளிரைவிட வழுக்கி விழுவதுதான் பயமாக இருக்கிறது. என்ன காலணி வாங்குவது?

சரியான பயம். அந்த வாரத்தில் பகலில் பூஜ்யத்தை ஒட்டியும் இரவில் மைனஸ் 7 டிகிரி வாக்கிலும் இருக்கும். நல்ல உடுப்பு இருந்தால் தாங்கலாம். ஆனால் அந்த ஏற்ற இறக்கம்தான் தரையைக் கெடுக்கிறது. பகலில் லேசாக உருகியது இரவில் ஐஸாக இறுகிவிடும்.

மிக மோசமான இடம் சாலையைக் கடக்கும் வரிக்கோடுகள். ஆணி பதித்த டயர்கள் சாலையை அரைத்துத் தூசி கிளப்புவதாக ஜப்பான் 1990-இல் அவற்றுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இப்போதுள்ள ஆணியில்லா டயர்கள் சிக்னலில் நின்று நின்று கிளம்பும்போது ஐஸைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிடுகின்றன. பல சந்திப்புகளில் மணல் பெட்டி இருக்கும். அதிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

கணுக்காலை மூடும், நீர் புகாத பூட்ஸ் வாங்குங்கள். அடிப்பகுதி மிருதுவான ரப்பராகவும் ஆழமான பள்ளங்களோடும் இருக்க வேண்டும். சாதாரண ஓட்டக் காலணியின் அடி குளிரில் விறைத்துப் பிடிமானம் இழக்கும். காலணிக்கு மேல் மாட்டும் முள் பட்டையை சப்போரோ கடைகளிலேயே வாங்கலாம். கட்டடத்துக்குள் நுழையுமுன் அதைக் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் உலோக முள் டைல்ஸ் தரையில் ஐஸைவிட மோசமாக வழுக்கும். நடக்கும்போது பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படட்டும், அடி சிறிதாக இருக்கட்டும், கைகள் பையில் இருக்கக் கூடாது. குதிகாலை முதலில் ஊன்றுபவர்கள்தான் மல்லாக்க விழுகிறார்கள்.

சூடாக்கும் பொட்டலத்தை ஷூவுக்குள் வைத்தேன், சூடே வரவில்லையே?

'கைரோ' என்ற அந்தப் பொட்டலத்தில் இருப்பது இரும்புத் தூள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் சூடாகும். மூடிய ஷூவுக்குள் போதிய காற்று இல்லை. பாதத்துக்கென்றே தனி ரகம் விற்கிறது, அதை வாங்குங்கள். எந்த ரகத்தையும் தோலில் நேரடியாக ஒட்டாதீர்கள். மிதமான சூடானாலும் மணிக்கணக்கில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும்.

எங்களில் ஒருவர் சுத்த சைவம். ராமென் சாப்பிடலாமா?

பெரும்பாலும் முடியாது. ராமென் என்பது சூப்பில் போட்ட நூடுல்ஸ். மிசோ (புளித்த சோயா விழுது) ராமெனின் மேலே காய்கறி மட்டுமே இருந்தாலும் சூப் பன்றி எலும்பிலோ கோழியிலோ கொதித்திருக்கும். சப்போரோவுக்கே உரிய 'சூப் கறி' என்ற நீர்த்த மசாலாக் குழம்பில் காய்கறி வகை உண்டு, காரத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அங்கேயும் அடிச்சாறு கோழியாக இருக்கக்கூடும். "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். "சூப் எதில் செய்தது?" என்று தனியாகக் கேளுங்கள்.

போனும் கேமராவும் குளிரில் அணைந்துவிடுமா?

பேட்டரி சட்டென்று இறங்கும், ஆனால் சூடானால் மீளும். உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படம் எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். கேமராவுக்கு உண்மையான ஆபத்து சூடான அறைக்குள் நுழையும்போதுதான்: குளிர்ந்த லென்ஸில் நீர் படியும். வெளியே இருக்கும்போதே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். மெமரி கார்டை முன்பே கழற்றிக்கொண்டால் படங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.