இடுப்புக்கு மேலா, கீழா?

குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் பட்டச் சண்டைகளில் நடந்த ஃபவுல்கள் (விதிமீறல்கள்), ஜோடிப் பொருத்தமே இல்லாத மோதல்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: உசிக்–டுபுவா முதல் சண்டையில் அது நாக் டவுன்தானே? நடுவர் உசிக்கைக் காப்பாற்றிவிட்டாரா?

பதில்: 2023 ஆகஸ்ட் 26, போலந்தின் விரோட்ஸ்வாஃப். உக்ரைனின் உசிக்கும் பிரிட்டனின் டுபுவாவும் மோதினார்கள். ஐந்தாவது சுற்றில் டுபுவாவின் வலது கை உசிக்கின் ஷார்ட்ஸ் பட்டையில் இறங்கியது. உசிக் சுருண்டு விழுந்தார். முறையான அடியால் விழுந்தால் அது நாக் டவுன், நடுவர் பத்து வரை எண்ணுவார். நடுவர் லூயிஸ் பபோன் எண்ணவில்லை, ஃபவுல் என்றார். விதிப்படி ஐந்து நிமிடம் வரை ஓய்வு கிடைக்கும். உசிக் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டார்.

பலர் கோட்டைவிடும் இடம் இது: எல்லைக்கோடு ஷார்ட்ஸ் பட்டை அல்ல. தொப்புளிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை மனதுக்குள் போட்டுக்கொள்ளும் கோடு. பட்டையை ஏற்றிக் கட்டினால் கோடு ஏறிவிடாது. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எனக்கு அது கோட்டைத் தொட்டு விழுந்த அடி. நானாக இருந்தால் எண்ணத் தொடங்கியிருப்பேன். ஆனால் எனக்கு ரீப்ளே இருக்கிறது, பபோனுக்கு ஒரு நொடிதான் இருந்தது. அன்று ஒன்பதாவது சுற்றில் டுபுவா வீழ்ந்தார். 2025 ஜூலையில் வெம்பிளியில் நடந்த மறுமோதலில் ஐந்தாவது சுற்றிலேயே அவர் கதை முடிந்தது. அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஃபவுலாலேயே யாராவது உலகப் பட்டம் வென்றதுண்டா?

பதில்: ஹெவிவெயிட்டில் ஒரே ஒருவர், ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங். ஜீன் டன்னி ஓய்வு பெற்றதால் காலியாக இருந்த பட்டத்துக்கு 1930 ஜூனில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஜாக் ஷார்க்கியோடு மோதினார். நான்காவது சுற்றில் ஷார்க்கியின் அடி இடுப்புக்குக் கீழே பட்டு, ஷ்மெலிங் வயிற்றடியைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். அவருடைய மேனேஜர் ஜோ ஜேக்கப்ஸ் "ஃபவுல், ஃபவுல்" என்று கூப்பாடு போட்டார். நடுவர் தடுமாறி, கடைசியில் ஷார்க்கியைத் தகுதி நீக்கம் செய்தார். கீழே கிடந்தபடியே ஒருவர் உலக சாம்பியன் ஆனார்! அதற்குப் பின் நியூயார்க்கில் இப்படி ஜெயிக்க வழியில்லாமல் விதியை மாற்றினார்கள். 1932இல் மறுமோதலில் ஷார்க்கி புள்ளிக்கணக்கில் பட்டத்தை வாங்கிக்கொண்டார். அந்தத் தீர்ப்பும் சர்ச்சைதான்.

கேள்வி: ஹோலிஃபீல்ட் தலையால் முட்டியதால்தானே டைசன் காதைக் கடித்தார்?

பதில்: முட்டியது நிஜம். 1997 ஜூன் 28, லாஸ் வேகாஸ். இரண்டாவது சுற்றில் தலை இடித்து டைசனின் வலது கண்ணுக்கு மேல் கிழிந்தது. தற்செயல் என்றார் நடுவர் மில்ஸ் லேன். மூன்றாவது சுற்றுக்கு டைசன் வாயில் பல்காப்பு இல்லாமலே வந்தார். லேன் திருப்பி அனுப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஹோலிஃபீல்டின் வலது காதின் மேல்நுனி தரையில் கிடந்தது. மருத்துவர் பார்த்து, ஆடலாம் என்றார். இரண்டு புள்ளி வெட்டு. மறுபடி ஆட்டம், மறுபடி கடி, இந்த முறை இடது காது. தகுதி நீக்கம், 30 லட்சம் டாலர் அபராதம், உரிமம் ரத்து.

முட்டல் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நவம்பரில் இதே ஹோலிஃபீல்டிடம் பதினோராவது சுற்றில் தோற்றவர் டைசன். காதைக் கடித்த சண்டையிலும் முதல் இரண்டு சுற்றுகள் கையை விட்டுப் போயிருந்தன. அடித்து ஜெயிக்க முடியாது என்று தெரிந்த ஆள் வெளியே போகக் கதவு தேடினார் என்பதே என் கட்சி.

கேள்வி: அப்படியானால் போலந்து வீரர் கோலோட்டா?

பதில்: அவர்தான் என் கட்சியை உடைக்கும் ஆள். 1996இல் ரிடிக் போவுடன் இரண்டு சண்டை, இரண்டிலும் புள்ளிகளில் முன்னிலை, இரண்டிலும் இடுப்புக்குக் கீழே அடித்தே தகுதி நீக்கம். பட்டச் சண்டை இல்லை, அதனால் இதோடு விடுகிறேன். என்னிடம் விளக்கமும் இல்லை.

கேள்வி: தகுதியே இல்லாதவர்களுக்குப் பட்ட வாய்ப்பு எப்படிக் கிடைக்கிறது?

பதில்: பணம். 1957இல் பீட் ராடமாக்கர் தன் முதல் தொழில்முறைச் சண்டையையே உலக சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சனோடு போட்டார். கையில் இருந்தது முந்தைய ஆண்டின் ஒலிம்பிக் தங்கம். பேட்டர்சனுக்கு 2,50,000 டாலர் உறுதி கொடுக்க ஆள் பிடித்துவிட்டார். சியாட்டிலில் இரண்டாவது சுற்றில் சாம்பியனைக் கீழேயும் தள்ளினார். அப்புறம் ஏழு முறை தானே விழுந்து, ஆறாவது சுற்றில் முடிந்தது.

கேள்வி: சக் வெப்னர் முகமது அலியை விழ வைத்தது ஃபவுலா?

பதில்: 1975 மார்ச், ஒன்பதாவது சுற்று. நெஞ்சில் ஒரு வலது, அலி உட்கார்ந்தார். காலை மிதித்தார் என்றார் அலி; அலியின் காலின் மேல் வெப்னரின் கால் இருக்கும் புகைப்படமும் உண்டு. நடுவர் எண்ணினார், அதனால் கணக்கில் அது நாக் டவுன். பதினைந்தாவது சுற்றில் 19 விநாடி மிச்சம் இருக்கும்போது வெப்னர் நிறுத்தப்பட்டார். ஜோடிப் பொருத்தம் இல்லாத சண்டைதான், ஆனால் பார்க்க அலுக்காது.

கேள்வி: டக்ளஸ் டைசனை வென்றது நடுவர் மெதுவாக எண்ணியதால் என்கிறார்களே?

பதில்: 1990 பிப்ரவரி, டோக்கியோ. பந்தயம் ஏற்ற சூதாட்ட விடுதி டக்ளஸுக்கு ஒன்றுக்கு 42 என்று போட்டது. எட்டாவது சுற்றில் டக்ளஸ் விழுந்தார். நடுவர் தாமதமாகத்தான் எண்ணத் தொடங்கினார். ஆனால் வீரர் பார்க்க வேண்டியது நடுவரின் விரல்களை, கடிகாரத்தை அல்ல. ஒன்பதில் எழுந்தார், சரி. டைசனின் சண்டைகளை ஏற்பாடு செய்த டான் கிங் புகார் செய்ய, பட்டம் வழங்கும் இரண்டு அமைப்புகள் முடிவைச் சில நாள் நிறுத்தி வைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கின. பத்தாவது சுற்றைப் பாருங்கள்: டைசன் நான்கு காலில் தவழ்ந்து, பல்காப்பைத் தடவித் தேடியெடுத்து, அதன் ஒரு நுனியை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு எழ முயல்கிறார். அந்த எண்ணிக்கை மெதுவா வேகமா என்று யாரும் கேட்கவில்லை.